பழைய ஒல்லாந்தர் பொன், வெள்ளிக் காசை இனங்காண்பது எப்படி

போன கார்த்திகையில், மழை விடாமல் தூறிய ஒரு சனிக்கிழமை, அல்மேரவிலிருந்து ஓர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த பதக்கம் ஒன்றை மேசையில் வைத்தார். மெல்லிய பொற்காசு. சங்கிலி கோர்ப்பதற்காக மேலே ஒரு வளையம் பற்றவைத்திருந்தார்கள். "தம்பி, இது அம்மம்மாவின் கழுத்தில் கிடந்தது. நல்ல பவுண்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்படியே விளக்கியும் தந்தால் மகளின் கலியாணத்துக்குப் போடலாம்" என்றார்.

ஒரு பக்கத்தில் கவசம் அணிந்த வீரன் வாளைத் தோளில் சாய்த்தபடி நிற்கிறான். மறுபக்கத்தில் அலங்காரக் கட்டத்துக்குள் ஐந்து வரி எழுத்து. கண்டதுமே டுகாட், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அடித்த பழைய பொற்காசு, என்று மனம் சொல்லிவிட்டது. மனம் சொன்னதைத் தராசிடமும் கேட்டாக வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் முப்பது ஆண்டுகளாக நகை திருத்தும் வேலை செய்கிறேன். பழைய காசு பார்ப்பது அதோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஒல்லாந்தர் காலத்துக் காசு ஒன்று வீட்டில் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டு நம்மவர்கள் அடிக்கடி தொலைபேசி எடுக்கிறார்கள். அன்று அந்த மேசையில் செய்ததை ஒட்டியே எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் மேசையில் ஒரு மென்துணியை விரியுங்கள். கை நழுவினால் காசு துணியில் விழ வேண்டும். விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்குங்கள். விரல் ரேகையின் எண்ணெய் வெள்ளியில் சில மாதங்களில் கறையாகத் தெரியும். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, விட்டம் அளக்க ஓர் அளவுகோல், ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் தையல் நூல். இவ்வளவும் போதும்.

உரைகல் வேண்டாம். என் அப்பா யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் பொன்வேலை செய்தவர். கையில் எது வந்தாலும் முதலில் உரைகல்லில் ஒரு கீறு இழுத்துத்தான் மாற்றுச் சொல்வார், தவறாமல் சொல்வார். உருக்கப்போகும் நகைக்கு அது சரியான முறை. 250 ஆண்டு கடந்து வந்த காசுக்கு அது காயம். விளிம்பில் உரைத்த இடம் தட்டையாகிப் பளபளத்து நிற்கும்; சேகரிப்பவர் கண்ணாடியை வைத்தவுடன் அதைத்தான் பார்ப்பார்.

எடையிலிருந்து தொடங்குங்கள்

ஒல்லாந்தரும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஸ்பெயின் மன்னனை எதிர்த்துப் பிரிந்த ஏழு மாகாணங்களும் தனித்தனியே காசு அடித்தன. நகரங்கள் சிலவும் அடித்தன. இவற்றோடு அயல்நாட்டுக் காசுகளும் சந்தையில் கலந்து புழங்கின. ஒரே பெயருள்ள காசு ஓரிடத்தில் கனமாகவும் வேறிடத்தில் இலேசாகவும் இருந்தது. சிலர் விளிம்பைக் கத்தரித்தும் எடுத்தார்கள். இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கத்தான் ஆம்ஸ்டர்டாம் நகரம் 1609இல் மாற்று வங்கியை நிறுவியது. காசை நிறுத்து, தரம் பார்த்து, அதன் உண்மையான மதிப்பைக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். வணிகர்கள் மேசையில் ஒரு சிறு மரப்பெட்டியும் இருக்கும். உள்ளே மடக்குத் தராசு, பக்கத்துக் குழிகளில் சதுரப் பித்தளைப் படிகள். ஒவ்வொரு படியிலும் அது எந்தக் காசுக்குரியதோ அந்தக் காசின் உருவத்தையே பொறித்திருப்பார்கள். வீரன் பொறித்த படிக்கு எதிரே டுகாட்டை வைத்தால் தட்டுச் சமமாக நிற்க வேண்டும். அந்தப் பெட்டிகள் இன்றும் பழம்பொருள் கடைகளில் வருகின்றன. ஒன்று கிடைத்தால், படிகள் குறைந்திருந்தாலும் வாங்கிவிடுங்கள் என்பேன்.

நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எடைகள் சில. தங்க டுகாட் 3.49 கிராம், விட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். இரட்டை டுகாட் 6.98. வெள்ளியில் சிங்க டாலர் 27.68, வெள்ளி டுகாட் 28.25, வெள்ளிக் குதிரைவீரன் 32.78. இவை காசாலையை விட்டுப் புறப்பட்டபோதிருந்த எடைகள். கைமாறிக் கைமாறித் தேய்ந்த டுகாட் 3.45, 3.42 என்று காட்டினால் கவலை இல்லை. 3.2 காட்டினால் விளிம்பைக் கவனியுங்கள்: சுற்றெழுத்தின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் மறைந்திருந்தால் யாரோ கத்தரித்திருக்கிறார்கள். எடை கூடுதலாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். தேய்மானம் காசை ஒருபோதும் கனக்க வைக்காது.

அக்காவின் காசு 3.92 காட்டியது. அதற்குக் காரணம் கண் முன்னேயே இருந்தது: வளையமும் பற்றாசும். இப்படிப் பதக்கமான காசுகளில் எடை மட்டும் முடிவு சொல்லாது. விட்டத்தை அளந்தேன், 21 மில்லிமீட்டருக்கு மயிரிழை கூட. அடுத்தது எழுத்து.

எழுத்தை எப்படிப் படிப்பது

லத்தீன் தெரிய வேண்டியதில்லை. எதைத் தேடுவது என்று தெரிந்தால் போதும். டுகாட்டின் வீரனைச் சுற்றி "கான்கோர்டியா ரெஸ் பார்வே கிரெஸ்குன்ட்" என்ற வாசகம் ஓடும். ஒற்றுமையால் சிறியவை வளரும் என்பது பொருள். வீரனின் ஒரு கையில் வாள், மறு கையில் அம்புக்கட்டு. கட்டிய அம்புகள் ஒன்றுசேர்ந்த மாகாணங்களைக் குறிக்கின்றன. இடம் போதாததால் வாசகத்தை "பார்", "கிரெஸ்" என்று குறுக்கியிருப்பார்கள். 'யூ' வர வேண்டிய இடத்தில் 'வி' நிற்பதும் உண்டு, அது பிழையில்லை. வீரனின் இரு பக்கமும் ஆண்டு இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரிந்து நிற்கும். வாசகத்தின் கடைசியில் வரும் இரண்டு மூன்று எழுத்துகள்தான் உங்களுக்குத் தேவை. அவைதான் மாகாணம்.

'எச்.ஓ.எல்.' என்றால் ஹாலந்து. டோர்ட்ரெக்ட் நகரில் அடித்தது. 'இசட்.ஈ.எல்.' என்றால் ஜேலந்து, மிடல்பர்க். 'ஜி.ஈ.எல்.' கெல்டர்லாந்து, 'எஃப்.ஆர்.ஐ.' ஃப்ரீஸ்லாந்து. அதிகம் பேர் தடுக்கி விழுவது 'டி.ஆர்.ஏ.' என்ற மூன்றெழுத்தில். அது 'ட்ராயெக்டும்', அதாவது உட்ரெக்ட் நகரின் பழைய லத்தீன் பெயர். ஆனால் அதற்குப் பின் 'என்', 'எஸ்' என்று எழுத்து தொடர்ந்தால் அது ட்ரான்சிசுலானியா: ஐசல் ஆற்றுக்கு அப்பாலுள்ள நாடு, இன்றைய ஓவரைசல். ஒரே தொடக்கம், இரண்டு மாகாணம். தேய்ந்த காசில் அவசரப்பட்டால் இங்கேதான் தவறும்.

மறுபக்கத்துக் கட்டத்தில் ஐந்து வரி. "இணைந்த நெதர்லாந்து மாகாணங்களின் நாணயம், பேரரசின் சட்டப்படி" என்பது அதன் சாரம். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நான் சற்று நிற்பேன். 1586இல் இந்த டுகாட் பிறந்தபோது அவர்கள் மன்னனோடு போரில் இருந்தார்கள், தனி நாடாக எவரும் முழுதாக ஏற்றிருக்கவில்லை. இருந்தும், எங்கள் பொன் ஜெர்மானியப் பேரரசு விதித்த தரத்தில் ஓர் இழையும் குறையாது என்று காசிலேயே எழுதி உலகத்துக்கு நீட்டினார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள். தரம் 0.983, அதாவது இருபத்துமூன்றரை காரட்டுக்கு மேல். நாம் பவுண் என்று போற்றும் ஆங்கிலக் காசே 0.917தான். பக்கத்தில் வைத்துப் பாருங்கள், டுகாட்டின் மஞ்சள் ஆழமாக இருக்கும், தகடு மெல்லியதாக இலேசாக வளையும். அதனால்தான் பழைய டுகாட்டுகளில் பல சற்று நெளிந்திருக்கின்றன. அந்த நெளிவைத் தட்டி நிமிர்த்தாதீர்கள்.

தானியமும் மரமும் வாங்க பால்டிக் துறைமுகங்களுக்கு டுகாட் போனது, அங்கிருந்து ரஷ்யாவுக்கும். ரஷ்ய அரசே 1735 முதல் 1868 வரை பீட்டர்ஸ்பர்க்கில் இதே டுகாட்டை இரகசியமாக அடித்துப் பயன்படுத்தியது. 1831இல் ரஷ்யாவை எதிர்த்து எழுந்த போலந்துக்காரர்களும் வார்சாவில் அடித்தார்கள். அவர்கள் காசில் வீரனின் தலையருகே சின்னஞ்சிறு கழுகு ஒன்று இருக்கும். 1831 என்ற ஆண்டு கண்டால் கண்ணாடியை எடுத்து அந்தக் கழுகைத் தேடுங்கள்.

அக்காவின் காசில் ஆண்டின் முதல் பாதி வீரனின் இடப்பக்கம் தெளிவாக இருந்தது: 17. வலப்பக்கத்தில் 6 தெரிந்தது, கடைசி இலக்கம் மங்கல். விளக்கைத் தாழ்த்தி ஒளியைப் பக்கவாட்டில் விழவிட்டேன். நேராக விழும் ஒளியில் மறைந்திருப்பது சாய்ந்த ஒளியில் நிழலோடு எழும்பும். ஒற்றைக் கோடு நின்றது: 1761. சுற்றெழுத்தின் முடிவில் டி.ஆர்.ஏ., அதற்குப் பின் வெறும் புள்ளி. உட்ரெக்ட். நாங்கள் உட்கார்ந்திருந்த இதே நகரத்தில் அடித்த காசு. அதைச் சொன்னபோது அக்கா சிறிது நேரம் பேசவில்லை.

சிங்க டாலர், நான் கெடுத்த ஒன்று

வெள்ளிக்கு வருவோம். லேயுவன்டால்டர் என்பார்கள், சிங்க டாலர். 1575இல் ஹாலந்து மாகாணம் அடிக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் சிங்கம் பொறித்த கேடயத்துக்குப் பின்னால் வீரன், மறுபக்கம் பின்காலில் எழுந்து நிற்கும் பெரிய சிங்கம். அதைச் சுற்றியுள்ள வாசகம், ஆண்டவரை நம்பியவன் அசையான் என்று சொல்கிறது. வெள்ளி முக்கால் பங்குதான், 0.750. அதே காலத்தில் புழங்கிய ரெய்க்ஸ்டால்டர் என்ற இன்னொரு பெரிய வெள்ளிக் காசில் 0.885 வெள்ளி. தரம் குறைந்த இந்தக் காசை வெளிநாட்டு வணிகத்துக்கு அனுப்புவது இலாபம் தந்தது. அலெப்போ, ஸ்மிர்னா, கான்ஸ்டான்டிநோபிள் எங்கும் பரவியது. தேய்ந்த சிங்கம் நாய் போலத் தெரிந்ததால் அரபு வணிகர்கள் 'அபு கல்ப்', நாய்க்காசு என்றார்கள். ருமேனியாவின் லெயு, யூரோவுக்கு முன் பல்கேரியாவில் புழங்கிய லெவ் இரண்டும் இந்தச் சிங்கத்திலிருந்து வந்த பெயர்கள்.

இதை வாங்குவோருக்கு ஒரு செய்தி. சம்மட்டியால் அவசரமாக அடித்த காசு இது. நடுப்பகுதி பல வேளைகளில் சரியாகப் பதியாது. சிங்கத்தின் மார்பு தட்டையாக இருந்தால் தேய்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். விளிம்பு எழுத்துகளின் கூர்மையைப் பாருங்கள். எழுத்து கூர்மையாக இருந்து மார்பு மட்டும் தட்டை என்றால் அது பிறவியிலேயே வந்தது. வட்டமும் சீராக இராது. மிகச் சீரான வட்டமாக ஒரு சிங்க டாலர் வந்தால் இரண்டாம் முறை பாருங்கள். வார்த்தெடுத்த நகலில் எழுத்தின் ஓரம் சோப்பில் செதுக்கியது போல மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி ஒட்டுத் தழும்பு ஓடும்.

இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் ஆண்டு, அரசியின் பிறந்தநாள் தெருச் சந்தையில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் சிங்க டாலர் ஒன்று கண்டு வாங்கினேன். உட்ரெக்டில் அந்தச் சந்தை முதல் நாள் மாலையே தொடங்கிவிடும். தெரு முழுக்கப் பழைய சாமான் பரப்பியிருப்பார்கள். காசு கருநீலமாக, ஓரங்களில் மயில்கழுத்து நிறம் ஓடியபடி இருந்தது. வீட்டுக்கு வந்து, விளக்குத் துலக்குவது போல, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டேன். பளிச்சென்று வெள்ளையானது. ஒரு காசு வணிகரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் கண்ணாடியை வைத்துப் பார்த்து, திருப்பித் தந்து, "இதன் தோல் போய்விட்டது" என்றார். கண்ணாடியில் நானும் பார்த்தேன்: ஆயிரம் மெல்லிய கீறல்கள், எல்லாம் நான் இழுத்தவை. முந்நூறு ஆண்டு காற்று படர்ந்து உண்டாக்கிய அந்த நிறம் மறுபடி வராது. அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது. யார் "விளக்கித் தாருங்கள்" என்று கேட்டாலும் அதை எடுத்துக் காட்டுகிறேன்.

ஆகவே புளி, எலுமிச்சை, பற்பசை, திருநீறு, வெள்ளி விளக்கும் நீர்மம் எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு நாள் ஊற வையுங்கள், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

மற்ற வெள்ளிகள்

1659இல் இரண்டு பெரிய வெள்ளிக் காசுகள் வந்தன. வெள்ளி டுகாட்டில் வீரன் நிற்பான், காலருகே மாகாணத்தின் கேடயம். தங்க டுகாட்டின் அதே ஒற்றுமை வாசகம் இதிலும் உண்டு. பெயரும் வாசகமும் ஒன்றாக இருப்பதால் குழம்புகிறவர்கள் பலர். மற்றது வெள்ளிக் குதிரைவீரன், வாளோங்கிப் பாயும் குதிரை. 0.941 தரம், கையில் வைத்தால் கனம் பேசும். சுற்றெழுத்தில் 'ஏ.ஆர்.ஜி.' என்றால் வெள்ளி, 'ஏ.யூ.ஆர்.' என்றால் பொன். குதிரைவீரன் தங்கத்திலும் உண்டு என்பதால் இந்த மூன்றெழுத்து உதவும்.

1694 முதல் எல்லா மாகாணங்களுக்கும் பொதுவான குல்டன் என்ற வெள்ளிக் காசு வந்தது: தூணின் மேலிருக்கும் வேதப் புத்தகத்தில் கை ஊன்றி, விடுதலைத் தொப்பி மாட்டிய ஈட்டியைப் பிடித்து நிற்கும் பெண். ஒரு குல்டன் இருபது ஸ்டாய்வர், ஒரு ஸ்டாய்வர் எட்டு டாய்ட். நாம் பணத்துக்குச் சொல்லும் 'துட்டு' இந்த டாய்ட்டிலிருந்து வந்ததுதான். டாய்ட் செம்புக்காசு, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'வி.ஓ.சி.' முத்திரையோடு 1726 முதல் அடித்தவை ஏராளமாகக் கிடைக்கின்றன, விலையும் குறைவு. கம்பெனி முத்திரையுள்ள வெள்ளிக் குதிரைவீரன் அப்படியில்லை. அந்த மூன்றெழுத்தோடு வெள்ளி உங்கள் கைக்கு வந்தால் எங்கும் அவசரப்பட்டு விற்காதீர்கள். ரெய்க்ஸ்டால்டரின் பெயர் இலங்கையில் ஒல்லாந்தர் போன பிறகும் நிலைத்தது. ஆங்கிலேயர் 1825 வரை ரிக்ஸ் டாலரில்தான் கணக்கு எழுதினார்கள்.

கடலிலிருந்து எடுத்த காசுகளும் விற்பனைக்கு வரும். 1725இல் நார்வேயின் ரூண்டெ தீவருகே மூழ்கிய அகரெண்டம் என்ற கம்பெனிக் கப்பலை 1972இல் முக்குளிப்போர் கண்டார்கள். பொன்னும் வெள்ளியும் குவியலாக எழுந்தன. கடல் பொன்னைத் தொடுவதில்லை, வெள்ளியை அரிக்கும். அப்படிப்பட்ட வெள்ளியில் எடைக்கணக்கைப் பார்க்காதீர்கள்.

மன்னராட்சிக் காலத்துக் காசுகள் எளிது. ஆண்டைப் பார்த்தால் தரம் தெரிந்துவிடும். பத்து குல்டன் பொன் 6.729 கிராம், 0.900, அரசி வில்ஹெல்மினா உருவத்தோடு 1933 வரை வந்தது. வெள்ளிக் குல்டன் முதல் உலகப்போருக்கு முன் 0.945, 1922 முதல் 0.720. விளிம்பில் "கடவுள் நம்முடன் இருப்பாராக" என்ற டச்சு வாசகம். 1967க்குப் பின் வந்த குல்டன் நிக்கல்.

தண்ணீரில் ஒரு சோதனை

எடையும் எழுத்தும் ஒத்துவந்தும் மனம் ஒப்பவில்லையென்றால் இதைச் செய்யுங்கள். டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது. காசில் ஒட்டிய குமிழிகளை நூலை இலேசாக அசைத்து நீக்குங்கள். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை.

பத்து குல்டன் பொன் என்றால் 0.39 கிராம் காட்ட வேண்டும். அதே எடையுள்ள, பொன்முலாம் பூசிய வெள்ளி 0.64 காட்டிவிடும். டுகாட்டுக்கு 0.18 அல்லது 0.19, முலாம் பூசிய பித்தளையானால் 0.40ஐத் தாண்டும். சிங்க டாலரும் வெள்ளி டுகாட்டும் 2.75ஐ ஒட்டி வரும். செம்பும் நிக்கலும் கலந்த நகல் 3.1 பக்கம் போகும். கீறல் இல்லை, அமிலம் இல்லை. அப்பா இருந்திருந்தால் முதலில் நம்பியிருக்க மாட்டார். இரண்டு காசு செய்து காட்டினால் அவரே டம்ளரை எடுத்துவைத்திருப்பார்.

அக்காவின் பதக்கத்தையும் தொங்கவிட்டேன். வளையத்தோடு 0.22. வளையம் குறைந்த மாற்றுப் பொன், பற்றாசில் வெள்ளி கலந்திருக்கும். அதைக் கணக்கில் எடுத்தால் எண் சரியாகப் பொருந்தியது. வளையத்தைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சேகரிப்பவர் கணக்கில் பற்றாசு ஒரு குறைதான், விலை அதனால் குறையும். கழற்றினால் அந்தத் தழும்பு இன்னும் பெரிதாகத் தெரியும். அதோடு, அந்த வளையத்தின் வேலைப்பாடு எனக்குத் தெரிந்த வேலைப்பாடு. கம்பியை இரண்டு சுற்று முறுக்கி முனையை உள்ளே மடித்து ஊதிப் பற்றவைத்தது; எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அப்படித்தான் செய்வார்கள்.

விளக்கவும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன்: "தங்க டுகாட், உட்ரெக்ட், 1761. வளையத்துடன் 3.92 கிராம். தேய்க்க வேண்டாம்." அக்கா இரண்டு முறை வாசித்துவிட்டுப் பதக்கத்தோடு சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். தை மாதம் கலியாணத்துக்குப் போயிருந்தோம். மணப்பெண்ணின் கழுத்தில், புது நகைகளுக்கு நடுவே, அந்த வீரன் பழைய மங்கலோடு வெளியே பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தான்.